மயிரிழையில் நிற்கும் எழுத்து

“தம்பி, என் பெண் பெயரில் இருந்த ஈ எல்லாம் எங்கே பறந்து போயிற்று?”

பெட்டியைப் பிரித்து, மேலாக இருந்த பத்திரிகையை எடுத்து என் மேசைமேல் வைத்துவிட்டு அவர் கேட்டது இதைத்தான். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். சிரித்துக்கொண்டே கேட்டார். காசிமேட்டில் மீன் ஏலம் கூறுகிறவர். ஐம்பது பேர் கத்துகிற இடத்தில் ஒற்றைக் குரலால் விலை ஏற்றுகிறவர், என்னிடம் மட்டும் அவ்வளவு மெதுவாகப் பேசினார்.

2006ஆம் ஆண்டு. ஆண்டர்சன் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில் இரண்டு கணினி போட்டு நடந்த டீ.டி.பி. கடையில், அதாவது கணினியில் எழுத்துக் கோத்துக் கொடுக்கிற கடையில், எனக்கு வேலை. பாரிமுனைப் பக்கம் பழகியவர்களுக்கு அந்தத் தெருவைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காகிதக் கடையும் கல்யாணப் பத்திரிகைக் கடையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். நடுவே ரீம் கட்டுகளைத் தலையில் சுமந்தபடி ஆட்கள் ஓடுவார்கள். வழி விடாதவன் முதுகில் காகிதக் கட்டின் முனை ஒருமுறை இடித்தால் அடுத்த முறை தானாக ஒதுங்குவான்.

மணமகளின் பெயரில் ஆங்கில ‘ஈ’ மூன்று முறை வரும். அதை நான் பொடோனி என்ற எழுத்துருவின் சாய்வெழுத்தில் கோத்திருந்தேன். மெரூன் நிறத்தில் சொரசொரப்பான அட்டை, தங்க மை, ஸ்கிரீன் பிரிண்டிங். முகப்பில் 48 பாயிண்ட் அளவில் பெயர் ஜொலித்தது. உள்பக்கத்தில் அதே பெயர் 12 பாயிண்டில் வருகிற இடத்தில் மூன்று ‘ஈ’யும் ‘சி’ ஆகிக் கிடந்தன. சிறிய ‘ஈ’யின் வயிற்றுக்குக் குறுக்கே போகிற அந்த மெல்லிய கோடு அட்டையில் விழவே இல்லை. மொத்தம் 400 பத்திரிகை. கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள்.

புரூஃப் பார்த்தவன் நான்தான். லேசர் பிரிண்டரில், வழவழப்பான வெள்ளைத் தாளில் பார்த்தேன். அதில் எல்லாக் கோடும் இருந்தது.

அந்த எழுத்தின்மேல் எனக்கு எப்படி மோகம் பிடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ஒரு பழைய பேப்பர் கடை. எடைக்கு வந்த கட்டுகளில் எப்போதாவது வெளிநாட்டு ஃபேஷன் பத்திரிகை ஒன்று சிக்கும். கடைக்காரர் அதைத் தனியே எடுத்து வைத்துப் பத்து ரூபாய் கேட்பார். ஆடைகளையும் அழகிகளையும் பார்க்கத்தான் வாங்கினேன் என்று சொன்னால் நம்புவீர்கள், உண்மையும் அதுதான். ஆனால் ஒரு பக்கத்தில் படமே இல்லை. வெள்ளை வெளியில், சாய்ந்த எழுத்தில், இரண்டே சொற்கள். தடித்த கோடு கன்னங்கரேலென்று இறங்கி, வளைவில் திரும்பும்போது சட்டென்று மயிரிழையாக மெலிந்து, மறுபடி தடித்தது. ‘ஆர்’ எழுத்தின் நுனியில் ஒரு கருப்பு உருண்டை, இலை நுனியில் விழப்போகிற மழைத்துளியைப்போல. அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டினேன். அம்மா, “படம் இருக்கிற பக்கத்தை விட்டுவிட்டு இதை ஏண்டா ஒட்டினாய்?” என்று கேட்டாள்.

இந்தக் குடும்பத்து எழுத்துகளுக்கு டிடோன் என்று பொதுப்பெயர். டிடோ, பொடோனி என்ற இரண்டு பெயர்களைச் சேர்த்து 1954இல், அச்செழுத்துகளை வகைப்படுத்திய மாக்ஸிமிலியன் வாக்ஸ் வைத்தது. பாரிஸில் அச்சுத் தொழில் செய்த டிடோ குடும்பம்; இத்தாலியின் பார்மா நகரில் கோமகனின் அச்சகத்தை 1768 முதல் நடத்திய ஜாம்பத்திஸ்தா பொடோனி. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த இரண்டு தரப்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே எழுத்தின் மெல்லிய கோட்டை இன்னும் மெலிதாக்கின, தடித்ததை இன்னும் தடிப்பாக்கின. அவர்களுக்கு முன்னோடி பர்மிங்காமில் அச்சாளராக இருந்த ஜான் பாஸ்கர்வில். காகிதம் வழவழப்பாக இல்லாவிட்டால் மெல்லிய கோடு நிற்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அச்சான தாளைச் சூடான தகடுகளுக்கு நடுவே அழுத்தி மழமழப்பாக்கினார், மையையும் கருமையாகக் காய்ச்சினார். எழுத்துக்கு ஏற்ற காகிதத்தைத் தயாரித்தார் அவர். கிடைத்த அட்டையில் எழுத்தைத் திணித்தேன் நான்.

பாஸ்கர்வில்லைப் பற்றி ஒரு நல்ல கதை உண்டு. அவருடைய மெல்லிய கோடுகள் நாட்டில் உள்ள எல்லோருடைய கண்ணையும் கெடுத்துவிடும் என்று ஒருவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினிடம் குறைப்பட்டாராம். ஃபிராங்க்ளினும் அச்சுத் தொழிலாளிதானே, குறும்பு போகுமா? காஸ்லன் எழுத்தின் மாதிரித் தாள் ஒன்றில் பெயர் இருந்த மேல்பகுதியைக் கிழித்துவிட்டு, ‘இதுதான் பாஸ்கர்வில், குறையைக் காட்டுங்கள்’ என்று கொடுத்தார். மனிதர் வரிவரியாகக் குறை சொன்னார். எல்லோரும் ஒரு குறையும் சொல்லாமல் படித்துவந்த எழுத்துதான் காஸ்லன். இதை ஃபிராங்க்ளினே 1760இல் பாஸ்கர்வில்லுக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். எனக்கு இந்தக் கதை பிடிக்கும். ஆனால் மூன்று ‘ஈ’யைத் தொலைத்தவனாக, குறை சொன்ன அந்த மனிதர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். மெல்லிய கோட்டின் பருமன் எழுத்தளவில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 48 பாயிண்ட் என்றால் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர், கோடு 0.34 மில்லிமீட்டர் வரும். அதை, மை இறங்குகிற திரைத்துணி தாங்கிவிடும். 12 பாயிண்டில் அதே கோடு 0.085 மில்லிமீட்டர். தங்க மையில் உலோகத் துகள் இருப்பதால் இழைக் கண் பெரிதான துணியில்தான் அடிக்க முடியும். பெரிய கண்ணில் மெல்லிய கோடு பாதியிலேயே அறுந்துவிடும். மிச்சம் விழுந்த துளியைச் சொரசொரப்பான அட்டையின் பள்ளம் விழுங்கிவிடும். இவ்வளவும் எனக்கு அன்று தெரியாது. ஸ்கிரீன் அடித்த அண்ணன் பாசிட்டிவ் ஃபிலிமைக் கையில் வாங்கும்போதே, “ஹேர்லைன் நிற்காதுடா, பார்த்துக்கொள்” என்றார். நான் பார்த்துக்கொள்ளவில்லை.

சாய்வெழுத்து என்றால் நிமிர்ந்த எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்த்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். கடைக்கு வருகிறவர்கள் “கொஞ்சம் சாய்த்துப் போடுங்கள், ஸ்டைலாக இருக்கும்” என்பார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் கணினியும் சாய்த்துத் தரும். அது சாய்ந்த எழுத்து, அவ்வளவுதான். பிறவியிலேயே சாய்வாக வரையப்பட்டது வேறு. அதில் சிறிய ‘ஏ’ தன் மேல்கூரையைக் கழற்றிவிட்டு ஒற்றை வயிற்றோடு நிற்கும். ‘எஃப்’ கோட்டுக்குக் கீழே வாலை இறக்கும். நிமிர்ந்த எழுத்துக்குக் காலடியில் பலகைபோல் செரிஃப் இருக்கும். சாய்வில் அந்தப் பலகை போய், பேனா தாளைத் தொட்டு நுழைந்த இடத்திலும் விட்டு விலகிய இடத்திலும் மெல்லிய கொக்கி மட்டும் மிஞ்சும். அது கையெழுத்தின் பிள்ளை. 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸ் வெளியிட்ட, லத்தீன் கவிஞர் வெர்ஜிலின் நூல் முழுவதுமே சாய்வெழுத்துதான். அதை வெட்டியவர் ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. அழுத்திச் சொல்வதற்காகச் சாய்ப்பது அப்போது வழக்கத்தில் இல்லை. அறிஞர்கள் வேகமாக எழுதிய கையெழுத்தைப் பார்த்து, கையடக்கப் புத்தகத்தில் வரிகள் நெருக்கமாக அமையட்டும் என்று செய்தது. பெரிய எழுத்துகள் மட்டும் நிமிர்ந்தே நின்றன. சாய்வும் நிமிர்வும் ஒரே வரியில் ஜோடி சேர்ந்தது பிறகுதான்.

கையெழுத்து என்றதும் எனக்கு நாலுகோடு நோட்டு நினைவுக்கு வருகிறது. ராயபுரத்தில் நான் படித்த பள்ளியில் ஒரு டீச்சர், இங்க் பேனாவின் முள்ளை எப்படிப் பிடிப்பது என்பதற்கே ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். “இறங்கும்போது அழுத்து, ஏறும்போது தொடு.” இதை வகுப்பே பாடும். அழுத்தினால் முள்ளின் இரண்டு நாக்கும் விரிந்து கோடு தடிக்கும். விட்டால் சேர்ந்து மெலியும். பொடோனிக்கும் டிடோவுக்கும் உள்ளே இருக்கிற சூட்சுமம் இதுதான். பட்டையான முனை கொண்ட பேனாவில் தடிப்பும் மெலிவும் கோணத்தால் வரும். எங்கள் கல்மண்டபம் பக்கத்தில் சுவர் எழுதுகிறவரின் பட்டைத் தூரிகையும் அப்படித்தான். கூர்முனைப் பேனாவில் அது அழுத்தத்தால் வரும். ஆகவேதான் இந்த எழுத்தில் மாற்றம் அவ்வளவு திடீரென்று நிகழ்கிறது. மூச்சைப் பிடித்து விடுவதுபோல.

நம் எழுத்துக்கு இந்தப் பழக்கம் இல்லை. ஓலையில் எழுத்தாணி கீறும். அழுத்தினால் ஓலை கிழியும். கீறியதன்மேல் மையாடினால் எல்லா இடத்திலும் ஒரே பருமன். சுழியும் வளைவும் அந்தச் சம அழுத்தத்தில் பிறந்தவை. அச்சுக்கு வந்த பிறகு தமிழிலும் தடிப்பும் மெலிவும் புகுந்தன. வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி 1862இல் இதே சென்னையில், அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பி.ஆர். ஹண்ட் அச்சிட்டது. அதன் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் என்னால் உட்கார்ந்திருக்க முடியும். ஆனால் பிறவிச் சாய்வு தமிழில் வேர் பிடிக்கவில்லை. கணினி சாய்க்கிற தமிழைப் பாருங்கள்: ‘ழ’ வழுக்கி விழப்போகிறது, ‘ம’ ஆணி கழன்ற அலமாரிபோல் நிற்கிறது, சுழிகள் எல்லாம் நசுங்கிய முட்டை. இரு மொழிப் பத்திரிகையில் ஆங்கிலம் சாய்ந்திருக்கிறது என்பதற்காகத் தமிழையும் சாய்ப்பது எனக்குப் பிடிக்காத வேலை. தமிழை நிமிர்த்தி, மெல்லிய எழுத்தில், ஒன்றிரண்டு பாயிண்ட் சின்னதாகப் போட்டால் இரண்டும் சண்டையில்லாமல் ஒரே அட்டையில் குடியிருக்கும். வாடிக்கையாளர் ஒத்துக்கொள்ள வேண்டும், அது தனிக் கதை.

பொறாமைப்படவைக்கிற ஒன்றும் அந்த எழுத்துக்கூட்டத்தில் உண்டு: இரண்டு பெயரைச் சேர்க்கிற ‘அண்ட்’ (&) குறி. லத்தீனில் ‘உம்’ என்ற பொருளுள்ள இரண்டெழுத்துச் சொல் சுருண்டு ஒன்றானது அது. நிமிர்ந்த வடிவத்தில் அந்த இரண்டெழுத்து தெரியாது. சாய்வெழுத்தில் ‘ஈ’யும் ‘டீ’யும் கைகோத்து ஆடுவது இன்னும் தெரியும். மணமகன் பெயர் மேலே, மணமகள் பெயர் கீழே, நடுவில் இந்தக் குறியைப் பெரிதாகப் போட்டால் பத்திரிகைக்கு வேறு அலங்காரமே வேண்டாம். தமிழின் ‘உம்’ தனியாக நிற்காது, பெயரோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் நாம் ஒரு சிறிய கோடு போட்டு ஒப்பேற்றுகிறோம்.

பெயருக்கு, தலைப்புக்கு, வாசனைத் திரவியக் குப்பிக்கு, ஓட்டலின் மெனு அட்டை முகப்புக்கு என்று சில இடங்களில் இந்த எழுத்துக்கு ஈடே கிடையாது. ‘உட்காருங்கள், அவசரமில்லை’ என்கிற தோரணை அதற்கு உண்டு. கல்யாண மண்டபத்தின் முகவரியை அதில் போட்டால் உறவினர்கள் தண்டையார்ப்பேட்டைக்குப் பதில் திருவொற்றியூரில் இறங்குவார்கள். மாத்திரை அட்டையிலும் பஸ் பலகையிலும் அது வேண்டவே வேண்டாம். எண்கள் இன்னொரு தொல்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற பிளேஃபேர் டிஸ்ப்ளே என்ற எழுத்துருவை, கிளவுஸ் எக்கர்ஸ் சோரன்சன் வரைந்தது, இப்போது பத்திரிகைக்கு எல்லோரும் எடுக்கிறார்கள். அதில் எண்கள் இயல்பாகவே பழைய பாணியில், சில மேலேயும் சில கீழேயுமாக அமையும். வாசகத்துக்கு நடுவே அழகுதான். ஒரு பெரியவர் தன் கைபேசி எண்ணைப் பார்த்துவிட்டு, “என் நம்பர் ஏன் இப்படித் தள்ளாடுகிறது?” என்று கேட்டார். மாற்றிக் கொடுத்தேன்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடைக்குப் பெயர்ப்பலகை வரைந்தது இதைவிட மோசம். கடைக்காரருக்கும் ஃபேஷன் பத்திரிகை எழுத்துதான் வேண்டும். எனக்கும் அதே ஆசை. வரைந்து கொடுத்தேன். பலகை செய்கிற பட்டறையில், எழுத்துக்குள் எல்.ஈ.டி. விளக்குப் பட்டை நுழைய இடம் வேண்டும் என்று மெல்லிய கோட்டையெல்லாம் விரல் பருமனுக்கு ஆக்கிவிட்டார்கள். இரவில் எரிந்தபோது பார்த்தேன். ஒல்லியானவர் நான்கு ஸ்வெட்டர் போட்டதுபோல இருந்தது. கடைக்காரருக்குப் பரம திருப்தி. தெருக்கோடியிலிருந்தே தெரிகிறதாம். அதுவும் உண்மைதான்.

ஆனால் பட்டறைக்காரர்கள் செய்ததை முழுத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அந்தப் பதினெட்டு நாளில் நானும் அதைத்தான் செய்தேன். மறு அச்சுக்கு எழுத்தை மாற்ற மனமில்லை. கோரல் டிரா மென்பொருளில், உள்பக்கத்துச் சின்னப் பெயருக்கு மட்டும், அதே நிறத்தில் கால் பாயிண்ட் அவுட்லைன் கொடுத்தேன். எல்லாக் கோடும் சற்றுத் தடித்தது. எழுத்துகள் நெருங்கியதால் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினேன். திரையில் பார்க்க அவலட்சணம். அட்டையில் விழுந்தபோது மூன்று ‘ஈ’யும் வயிறு மூடி வந்தன, முகப்பில் இருந்த பெரிய பெயரின் தங்கையைப்போலவே இருந்தது. ஸ்கிரீன் அண்ணன் தூக்கிப் பிடித்துப் பார்த்து, “இப்போது நின்றது” என்றார். மறு அச்சுக் கூலியை மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

பல வருடம் அதை ஒரு திருட்டு வேலையாகவே நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனி அச்சு வெட்டியிருக்கிறார்கள். சின்ன அளவில் மெல்லிய கோட்டைச் சற்றுத் தடித்து, எழுத்தை அகலமாக்கி, இடைவெளியைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஒரே வரைபடத்தை எல்லா அளவுக்கும் ஊதிச் சுருக்குகிற வசதி வந்த பிறகே அந்தப் பழக்கம் மறந்துபோனது. ஹார்ப்பர்ஸ் பஜார் என்ற ஃபேஷன் இதழின் 1992ஆம் ஆண்டுப் புது வடிவமைப்புக்காக ஜோனத்தன் ஹெஃப்ளர் செய்த டிடோவில் ஏழு அளவுகளுக்கு ஏழு வரைவுகள் உண்டு, 6 பாயிண்டிலிருந்து 96 வரை. எந்த அளவில் அச்சடித்தாலும் மயிரிழை மயிரிழையாகவே தெரிய வேண்டும் என்பதற்காக. நான் சுவரில் ஒட்டிய பக்கம் எந்த இதழிலிருந்து வந்தது என்று அன்று பார்க்கத் தோன்றவில்லை. வீடு வெள்ளையடித்தபோது அதுவும் போயிற்று.

காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு எப்போதாவது போவேன், எழுத்துப் பார்க்க. பழைய சலவைக்கற்களில் பெயரைப் பெரிய நிமிர்ந்த எழுத்தில் வெட்டி, ‘அன்பான நினைவாக’ என்ற ஆங்கில வரியை மட்டும் சாய்வில் வெட்டியிருப்பார்கள். கடல்காற்று முதலில் தின்பது மெல்லிய கோடுகளை. சில கற்களில் தடித்த கோடுகள் மட்டும், வரிசையாக நட்ட சாய்ந்த குச்சிகள்போல மிஞ்சியிருக்கின்றன. எந்தச் சொல் என்று வழக்கத்தால்தான் படிக்க முடிகிறது. ஒன்றிரண்டு கற்களில் அப்படி இல்லை. கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். வெட்டியவர் மெல்லிய கோட்டைத் தடித்ததைவிட ஆழமாக உளியால் இறக்கியிருக்கிறார். நகம் உள்ளே போகிறது.

அங்கிருந்து வெளியே வந்த ஒரு மாலையில்தான், மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் டீக்கடையில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, “என்ன தம்பி, ஈ எல்லாம் சௌக்கியமா?” என்றார். பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகளாம். பேசிக்கொண்டிருக்கும்போதே யாரோ வந்து ஐஸ் கணக்குக் கேட்டார்கள். சட்டைப்பையிலிருந்து மெரூன் நிற அட்டைத் துண்டு ஒன்றை எடுத்து, முழங்கால்மேல் வைத்து, பால்பாயிண்ட் பேனாவால் எழுதிக் கொடுத்தார். ஒரு பக்கத்தில் அச்சாகாத வெறும் அட்டை. மறுபக்கத்தில், நடுவில் வெட்டுப்பட்டு, தங்க நிறத்தில் அரைப் பெயர்.

“நல்ல கெட்டி அட்டை, தம்பி. தண்ணீர் பட்டாலும் ஊறுவதில்லை” என்றார். “நானூறு இருந்ததா, நாலாக வெட்டி வைத்தேன். இன்னும் ஒரு கட்டு இருக்கிறது.”